தலையாட்டி பொம்மைக்கு எழுந்து போகத் தெரியுமா?

நடுவர் அவர்களே, எதிரணி அன்பர்களே, எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிற பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம். சாப்பாட்டு நேரம் நெருங்குவதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ‘கியூபாவின் ஹோசே மிரோ கார்டோனா தலையாட்டி பொம்மையா, தன்மானக்காரரா?’ இதுதான் தலைப்பு. 1959 புரட்சிக்குப் பிறகு கியூபாவின் முதல் பிரதமராக இருந்தவர் இவர். எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? ஹாவானாவில் இருந்தவரை ஃபிடல் காஸ்ட்ரோவுக்குத் தலையாட்டினார், மயாமிக்குப் போனதும் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவுக்குத் தலையாட்டினார், ஆட்டிய கைதான் மாறியது, பொம்மை மாறவில்லை என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன், பொய் சொல்வானேன். ஆனால் ஐயா, தலையாட்டி பொம்மையை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஆடி ஆடி அதே இடத்தில்தான் நிற்கும், அதற்கு எழுந்து போகத் தெரியாது. எங்கள் ஆளுக்கோ வாழ்க்கை முழுக்க நன்றாகத் தெரிந்திருந்தது அந்த ஒரு வேலைதான்.

அவர் நாட்டைவிட்டு வெளியேறியது 1960-ல் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள். அது இரண்டாவது தடவை. முதல் தடவை 1958-ல், சர்வாதிகாரி பாடிஸ்டாவின் ஆட்சியில். ஹாவானா பல்கலைக்கழகத்தில் தண்டனைச் சட்டப் பேராசிரியர், வழக்கறிஞர் சங்கத் தலைவர், சௌகரியமான வாழ்க்கை. வாய் திறக்காமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஆண்டு மார்ச்சில் பாடிஸ்டா பதவி விலக வேண்டும் என்று பொது அமைப்புகள் கூட்டாக அறிக்கை விட்டபோது முன்னால் நின்றவர்களில் இவர் ஒருவர், அப்புறம் தலைமறைவு, அப்புறம் நாடு கடந்த வாழ்க்கை. ஜூலையில் பாடிஸ்டா எதிர்ப்பாளர்கள் எல்லோரும் சேர்ந்து கராகஸ் ஒப்பந்தம் போட்டபோது, சேர்ந்து உட்கார மறுக்கும் அத்தனை குழுக்களையும் ஒருங்கிணைக்கிற பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. நம் வீட்டுக் கல்யாணத்தில் இரண்டு சம்பந்திகளைச் சேர்த்து வைப்பதே பெரும்பாடு!

சரி, 1959. ஜனவரி 1-ல் பாடிஸ்டா விமானம் ஏறுகிறார். 5-ம் தேதி மிரோ கார்டோனா பிரதமர். ஃபிடல் அப்போது படைத் தலைவர் மட்டும்தான், ஒரு காலத்தில் இதே பேராசிரியரிடம் சட்டம் படித்த மாணவர். அமைச்சரவை ஒரு பக்கம் கூடிக்கொண்டிருக்க, ஊரே வரிசையில் நின்றது ஹாவானா ஹில்டன் ஹோட்டலின் 23-வது மாடியில், ஃபிடலின் அறை வாசலில். கோப்பு இவர் மேஜையில், முடிவு அங்கே.

இங்கே எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கேட்ட கேள்வியை நான் தாண்டிப் போகப்போவதில்லை. அந்த ஜனவரியில்தான் புரட்சி நீதிமன்றங்கள் துப்பாக்கியால் சுட்டு மரண தண்டனையை நிறைவேற்றின, ஹாவானாவின் விளையாட்டு அரங்கிலேயே ஆயிரக்கணக்கானவர்கள் கூச்சலிட ஒரு ராணுவ அதிகாரியின் விசாரணை நடந்தது, பிப்ரவரி 7-ல் 1940-ம் ஆண்டு அரசியல் சாசனத்தை ஒதுக்கிவிட்டு அடிப்படைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து சட்டம் இயற்றுகிற அதிகாரத்தையே அமைச்சரவையின் கையில் கொடுத்தார்கள். அப்போது பிரதமர் நாற்காலியில் இருந்தவர் தண்டனைச் சட்டப் பேராசிரியர். இதற்கு என்ன பதில்? பதில் இல்லை ஐயா. அது அவர் கணக்கில்தான் சேரும், நான் துடைக்க வரவில்லை. ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்லுங்கள். பிப்ரவரி 13, ஆறே நாளில், ராஜினாமா. உண்மையான அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரே பொறுப்பையும் ஏற்கட்டும் என்பதுதான் அவர் நிலை. 16-ம் தேதி ஃபிடல் பிரதமராகப் பதவியேற்றார். மொத்தம் 40 நாள்கூட ஆகவில்லை. தலையாட்டுகிற பொம்மையாக இருந்தால் அந்த நாற்காலியிலேயே இருந்திருக்கலாமே, ஃபிடலுக்கும் ஒரு வெள்ளைச் சட்டை வக்கீல் முன்னால் இருப்பது வசதிதானே?

அதன் பிறகு ஸ்பெயினுக்குத் தூதராகப் போனார் என்று சிரித்தீர்கள். போனார். நானே அவர் இடத்தில் இருந்திருந்தால் போயிருக்க மாட்டேன் என்று வீரமாகச் சொல்லலாம், சொல்ல மாட்டேன். 1960-ல் வாஷிங்டன் தூதர் பதவியும் தேடி வந்தது. அதை ஏற்கப் போகாமல் ஜூலையில் ஹாவானாவிலேயே அர்ஜென்டினா தூதரகத்துக்குள் புகுந்து அடைக்கலம் கேட்டார். தூதராகப் போக வேண்டியவர் அகதியாக ஒரு தூதரகத்தின் கதவைத் தட்டுகிறார்!

இப்போது சிஐஏ கதைக்கு வருவோம், எதிரணியின் பிரம்மாஸ்திரம் அதுதானே. 1961 மார்ச்சில், நாடு கடந்து வாழ்ந்த ஃபிடல் எதிர்ப்பாளர்களைச் சேர்த்துக் கியூபப் புரட்சி கவுன்சில் என்று ஒன்றை உண்டாக்கி இவரைத் தலைவராக்கினார்கள், பின்னால் இருந்தது சிஐஏ, காசும் அங்கிருந்துதான். ஒப்புக்கொள்கிறேன். ஏப்ரல் 17-ல் ஃபிடல் ஆட்சியைக் கவிழ்க்க, சிஐஏ பயிற்சி கொடுத்த கியூப அகதிகள் சுமார் 1,400 பேர் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் கரை இறங்கினார்கள். வெற்றி பெற்றால் தற்காலிக அதிபர் ஆக வேண்டியவர் அன்று எங்கே இருந்தார்? நியூயார்க்கில் இருந்த கவுன்சில்காரர்களை விமானத்தில் ஏற்றி ஃபுளோரிடாவில் ஓபா-லோக்கா என்ற பழைய விமானத் தளத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். வாசலில் ஆயுதத்தோடு காவல். வெளியே யாரோடும் பேச முடியாது. கவுன்சில் பெயரில் போர் அறிக்கைகள் நியூயார்க்கில் ஒரு விளம்பர நிறுவனத்திலிருந்து வெளியாகின்றன, அந்தக் கவுன்சிலோ தன் அறிக்கையைத் தானே வானொலியில் கேட்கிறது. இதைவிடக் கேவலமாக ஒரு மனிதனை நடத்த முடியுமா, சொல்லுங்கள். அந்த வீட்டுக்குள் இன்னொருவர் இருந்தார், மருத்துவர் அன்டோனியோ மாசேயோ, ஸ்பெயினுக்கு எதிரான கியூப விடுதலைப் போரின் மாபெரும் தளபதி அன்டோனியோ மாசேயோவின் பேரன். அந்தத் தளபதிக்கு வலதுகையாக, படைத் தலைமை அதிகாரியாக இருந்தவர் மிரோ ஆர்ஹென்டர், நம் மிரோ கார்டோனாவின் அப்பா. தாத்தாவும் அப்பாவும் குதிரையில் ஏறிச் சண்டை போட்ட நாட்டுக்காக, பேரனும் மகனும் அமெரிக்கக் காவலில் வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கரையில் நின்ற படையில் இருவரின் மகன்களும் இருந்தார்கள்.

கென்னடியின் ஆலோசகர்கள் ஷ்லெசிங்கரும் பெர்லியும் சமாதானம் பேச அங்கே பறந்து வந்தபோது மிரோ கார்டோனா கேட்டது பதவி இல்லை, பணம் இல்லை. என்னையும் அந்தக் கடற்கரைக்குக் கொண்டுபோய் விடுங்கள், பிள்ளைகளோடு சாகிறேன் என்றுதான் மன்றாடினார். விடவில்லை. வெள்ளை மாளிகைக்கு அழைத்துப்போய் அதிபரைச் சந்திக்க வைத்தார்கள். படையெடுப்பு தோற்றது, மகன் சிறைபிடிக்கப்பட்டார். 1962 டிசம்பரில், சுமார் 5.3 கோடி டாலர் மதிப்புள்ள உணவும் மருந்தும் கொடுத்து 1,113 கைதிகளை மீட்டபோதுதான் அந்தப் பிள்ளை திரும்பினார்.

பொம்மையாக இருந்தால் என்ன செய்திருப்பார்? மகன் வந்தாச்சு, மாதாமாதம் பணம் வருகிறது, கவுன்சில் தலைவர் என்ற பெயரும் இருக்கிறது, சும்மா இருந்திருக்கலாம். 1963 ஏப்ரலில் ராஜினாமா செய்தார், அதுவும் வாயை மூடிக்கொண்டு இல்லை. கியூபாவை மீட்க இரண்டாவது முயற்சி வரும் என்று எனக்கு வாக்குக் கொடுத்தார்கள், இப்போது சோவியத் தலைவர் குருஷேவோடு சமரசம் செய்துகொண்டு கைவிட்டார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதி கென்னடி அரசைக் கிழித்தார். அப்படி வாக்கே கொடுக்கவில்லை என்றது அமெரிக்க அரசு. யார் சொன்னது சரி என்பது இன்றைய தலைப்பு இல்லை. சோறு போடுகிற கையை வெட்டவெளியில் எதிர்த்துக் கேட்டார் என்பதுதான் என் வழக்கு.

தோற்றார் என்பீர்கள். தோற்றார்தான், ஹாவானாவை மறுபடி பார்க்கவில்லை. புவேர்ட்டோ ரிக்கோவுக்குப் போய், அங்கே பல்கலைக்கழகத்தில் மறுபடியும் சட்டம் சொல்லிக்கொடுத்தார், 1974-ல் சான் ஹுவானில் இறந்தார். பிரதமரானவர், அதிபராகியிருக்க வேண்டியவர், எல்லாம் போய்க் கடைசியில் பழைய வேலைக்கே, வாத்தியார் வேலைக்கே திரும்பினார். ‘பார்த்தீர்களா, திரும்ப அதே இடத்துக்கு வந்துவிட்டதே பொம்மை!’ என்று எதிரணியில் ஒருவர் குதிக்கிறார், எனக்குத் தெரிகிறது. அந்த ஒரு பாயிண்டை உங்களுக்கே விட்டுத் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவர் மணியின் பக்கம் கை நீட்டுகிறார். அடிக்க வேண்டாம் ஐயா, எங்கள் ஆள் மாதிரி நானே எழுந்து போய்விடுகிறேன்.