எல்லாரும் டைரக்டர் ஆகிவிட்டால் மைக்கை யார் பிடிப்பது?

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு மண்டபம் நிறைய ஆள் சேர்வதென்றால் அது கல்யாணமாக இருக்கும், இல்லாவிட்டால் கட்சிக் கூட்டமாக இருக்கும். பல்கலைக்கழகப் படிப்பைப் பற்றிக் கேட்க இத்தனை பேர், அதுவும் பெற்றோரோடு, வந்திருப்பது எனக்கு நிஜமாகவே சந்தோஷம். படிவம் 5 பிள்ளைகள் முன்னால் வந்து உட்காருங்கள், பின்னால் இருந்தால் எப்படியும் கைப்பேசிதான் பார்ப்பீர்கள்.

முதலில் அம்மா அப்பாக்களிடம் பேசிவிடுகிறேன். பிள்ளை வந்து "நான் படம், டிவி தயாரிப்பு படிக்கப் போறேன்" என்று சொன்னால் வீட்டில் அடுத்து வரும் கேள்வி எனக்குத் தெரியும்: அது சோறு போடுமா? நியாயமான கேள்வி. அதற்கு "போடும், கவலைப்படாதீர்கள்" என்று மேடையில் சொல்லிவிட்டுப் போவது சுலபம், நான் சொல்லமாட்டேன். எந்த வேலைக்குப் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்றுதான் சொல்வேன்.

கணக்கைப் பாருங்கள். மலேசிய மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏழு விழுக்காட்டுக்கும் குறைவு. அதிலும் தமிழ் நாடகமும் தமிழ்ப் படமும் பார்ப்பவர்கள் ஒரு பகுதி. அந்தப் பகுதியும் பாதி நேரம் சென்னையிலிருந்து வருவதைத்தான் பார்க்கிறது, அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. இவ்வளவு சின்னச் சந்தையில் வருஷத்துக்கு எத்தனை தமிழ் டைரக்டர்கள் பிழைக்க முடியும்? ஆனால் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங், தயாரிப்பு நிர்வாகம் தெரிந்த ஒருவர் மலாய் நாடகத்திலும் வேலை செய்வார், சீன நிகழ்ச்சியிலும் செய்வார், விளம்பரத்திலும் செய்வார், வெளிநாட்டுக் குழு பினாஸ் என்கிற தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்தின் அனுமதி வாங்கிக்கொண்டு இங்கே படம் பிடிக்க வந்தால் அதிலும் செய்வார். மைக் பிடிப்பவருக்கு மொழிச் சந்தை என்ற எல்லை கிடையாது. பத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் ஒன்பது பேர் டைரக்டர் என்கிறார்கள், மீதி ஒருவர் ஹீரோ என்கிறார். நான் சொல்ல வந்த விஷயமே அதுதான்.

சரி, பல்கலைக்கழகத்தில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? கேமரா எப்படி இயங்குகிறது என்று யூடியூபிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பாதி உண்மை. ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். கோயில் திருவிழாவைக் கைப்பேசியில் எடுக்கிறீர்கள், வீட்டில் போட்டுப் பார்த்தால் குழல் விளக்கு எரியும் இடத்தில் எல்லாம் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்கின்றன. போன் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய குழல் விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை, அதாவது கேமரா ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 60இல் ஒரு பங்கு நொடியில் வைத்தால் மினுக்கோடு ஒத்துப்போகாமல் பட்டை விழும், 50இல் ஒரு பங்குக்கு மாற்றினால் போய்விடும். இதையும் யூடியூபில் தேடிப் பிடிக்கலாம்தான். ஆனால் எதைத் தேட வேண்டும் என்று தெரியவே முதலில் யாராவது சொல்லித்தர வேண்டும்.

ஒலிப்பதிவு இன்னும் சுவாரசியம், அதில் ஆளும் குறைவு. ஒரு லயத்து வீட்டில் சமையலறைக் காட்சி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவும் மகளும் பேசுகிறார்கள். நடுவில் குளிர்பெட்டி மோட்டார் ஓடத் தொடங்கும், கொஞ்ச நேரத்தில் நிற்கும். எடுக்கும்போது யாருக்கும் காதில் விழாது. எடிட்டிங்கில் அம்மா பேசும் ஷாட்டில் உறுமல், மகள் பேசும் ஷாட்டில் இல்லை, மறுபடி அம்மாவிடம் உறுமல். காட்சி செத்துவிட்டது. அதனால் ஒலிப்பதிவாளர் முதலில் மின்விசிறியையும் குளிர்பெட்டியையும் நிறுத்திவிடுவார். நிறுத்தியதை மறந்து போய்விட்டால் வீட்டுக்காரர் மீனெல்லாம் கெட்டுப்போகும், அதற்காகத் தன் கார் சாவியை அந்தக் குளிர்பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது அல்லவா! காட்சி முடிந்ததும் எல்லாரும் அரை நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும், அந்த இடத்தின் வெறும் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்வார்கள். ரூம் டோன் என்று பெயர். வசனங்களுக்கு இடையில் விழும் ஓட்டையை அடைக்க அதுதான் உதவும். செம்பனைத் தோட்டத்து ராத்திரிக்கு ஒரு சத்தம் உண்டு, கோலாலம்பூர் அடுக்குமாடிக்கு வேறு சத்தம். அந்த வித்தியாசம் இங்கே வளர்ந்த பிள்ளைகளின் காதில் ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம் தயாரிப்பு நிர்வாகம். கதைப் பிரதியில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஒவ்வொரு பக்கத்தையும் எட்டுப் பங்காகப் பிரித்து, இன்றைக்கு இரண்டே முக்கால் பக்கம், நாளைக்கு நாலு பக்கம் என்று திட்டம் போடுவார்கள். யார் எத்தனை மணிக்கு எங்கே வரவேண்டும், எந்த வண்டி, எந்த உடை, மழை வந்தால் எந்தக் காட்சி, எல்லாம் முதல் நாள் இரவே கால் ஷீட் என்கிற தாளில் வந்துவிடும். உங்கள் தாத்தாவுக்குப் புரியும்படி சொன்னால், தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், ஆளைப் பிரித்து விடுவாரே, அதேதான். இந்த வேலை தெரிந்தவரை யாரும் விடமாட்டார்கள்.

இதையெல்லாம் தனியாக உட்கார்ந்து படிக்க முடியாது. கூட வேலை செய்ய ஆள் வேண்டும், சண்டை போட ஆள் வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு "உன் ஷாட் ஒட்டவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்தர் வேண்டும். பல்கலைக்கழகத்தில் கிடைக்கும் பெரிய சொத்து அந்தக் கூட்டம்தான். அந்தக் கூட்டத்தில் மலாய்க்காரப் பிள்ளைகள் இருப்பார்கள், சீனப் பிள்ளைகள் இருப்பார்கள், அதனால் மலாய் நன்றாகப் பேசவும் எழுதவும் வரவேண்டும். படிவம் 5 முடிவில் வரும் எஸ்பிஎம் தேர்வில் பஹாசாவை, அதாவது மலாய்ப் பாடத்தை, கஷ்டப்பட்டுத் தாண்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். முன்மொழிவு, அனுமதிக் கடிதம், தொலைக்காட்சி நிலையத்தோடு கூட்டம், பெரும்பாலும் அந்த மொழியில்தான்.

நம் ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் மலாய் சினிமா வளர்ந்த காலத்தில் இயக்கியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். மலாய் சினிமாவின் பெரிய நட்சத்திரம் பி. ரம்லி முதன்முதலில் நாயகனாக நடித்தது 1950இல் வந்த 'பக்தி', அதை இயக்கியவர் எல். கிருஷ்ணன். தமிழில் எடுத்தவர்களும் சும்மா இல்லை. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் கதையைச் சொன்ன சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. அந்த வருஷம்தான் மலாய் அல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்குவதா என்று நாடு முழுக்கப் பெரிய சண்டை நடந்தது. இதே ஊருக்குப் பக்கத்துத் தென்னமாரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. அதை வைத்து நம் பிள்ளைகளில் ஒருவர் ஆவணப்படம் எடுத்தால் நான் முதல் ஆளாகப் பார்ப்பேன்.

எங்கே படிக்கலாம்? கோலாலம்பூரில் அஸ்வாரா என்கிற அரசாங்கக் கலைக் கழகம் இருக்கிறது, எஸ்பிஎம் முடித்தவர்கள் டிப்ளோமாவில் சேரலாம், நேர்முகம் உண்டு. பினாங்கு யுஎஸ்எம்மில் தொடர்பியல் துறை, சரவாக் யுனிமாஸில் ஒளிப்பதிவுப் படிப்பு, சைபர்ஜெயாவில் எம்எம்யு. தனியார் கல்லூரிகள் நிறைய. அங்கே சேரும் முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: அந்தப் படிப்பு, படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்கியூஏ அமைப்பின் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். இல்லையென்றால் அரசாங்கத்தின் பிடிபிடிஎன் கல்விக் கடனுக்கும் வழியில்லை. விளம்பரத்தில் இருக்கும் கேமராவைப் பார்த்து மயங்க வேண்டாம், அது வாடகைக் கேமராவாகக்கூட இருக்கலாம். திறந்த நாளில் நேரே போய் இரண்டாம் வருஷப் பிள்ளையைப் பிடித்து, "ஒரு செமஸ்டரில் கேமராவை எத்தனை நாள் கையில் கொடுப்பார்கள்?" என்று கேளுங்கள். உண்மையான பதில் அங்கேதான் கிடைக்கும்.

நேர்முகத்துக்குப் போகும்போது மூன்று நிமிடப் படம் ஒன்று கொண்டுபோங்கள். சண்டைக் காட்சி வேண்டாம், ஸ்லோ மோஷனும் வேண்டாம். உங்கள் பாட்டி காலையில் வாசல் கூட்டுவதை முழுசாக, சத்தத்தோடு, ஒழுங்காக எடுத்திருந்தாலே போதும்.

வருவதற்கு முன் ஓர் அம்மா என்னிடம் கேட்டார், பொம்பளைப் பிள்ளையை ராத்திரி படப்பிடிப்புக்கெல்லாம் எப்படி அனுப்புவது என்று. அக்கா, ராத்திரி வேலை இருக்கத்தான் செய்யும். கால் ஷீட்டை நீங்களும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பொறுப்பாளர் பெயரும் நம்பரும் அதிலேயே இருக்கும், போன் பண்ணிக் கேளுங்கள். வீட்டுக்கு எப்படிக் கொண்டுவந்து விடுவார்கள் என்று சொல்லத் தெரியாத குழு என்றால் மகளை அனுப்பாதீர்கள், என் மகளாக இருந்தாலும் நான் அனுப்பமாட்டேன். ஒழுங்கான குழுவில் அந்தக் கேள்விக்குப் பதில் முதலிலேயே எழுதியிருக்கும். சரி, மைக் அந்தப் பக்கம் வருகிறது, கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள்.