பித்தப்பையை எடுத்த பிறகும் கல் வருமா?

அட்டன் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "டொக்டர், அம்மாவுக்குப் பித்தப்பையையே எடுத்து 6 வருடமாகிறது. இப்போது பித்தக் குழாயில் கல் என்கிறார்கள். பை இல்லாமல் கல் எப்படி வரும்? ஒபரேஷனில் பிழையா? பிளேன்டீ குடிப்பதாலா?" வாசித்ததிலிருந்து இந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

தம்பி, பைதான் போனது, பித்தம் போகவில்லை. அதைச் சுரப்பது ஈரல். ஒபரேஷனுக்குப் பிறகு 2 வருடத்துக்குள் கல் தெரிந்தால், அன்றே குழாயில் தங்கிவிட்டதாக இருக்கலாம். 6 வருடம் என்றால் பெரும்பாலும் குழாயிலேயே புதிதாக உருவானதுதான். அதற்காக ஒபரேஷனைக் குறை சொல்ல முடியாது.

ஏன் உருவாகிறது? நான் வழக்கமாகச் சொல்லும் கான் (தண்ணீர் ஓடும் வடிகால்) கதைதான். தோட்டத்தில் கான் வெட்டியவர்களுக்குத் தெரியும்: தண்ணீர் ஓடினால் மண் நிற்காது, தேங்கினால் படியும். பித்தக் குழாய் சாதாரணமாக 6 மில்லிமீட்டர் அளவு. 15க்கு மேல் விரிந்துவிட்டால் பித்தம் தேங்கும். குடல் கிருமி மேலேறி, பித்தத்தின் நிறப்பொருளைப் பிரித்துவிடும். அது கல்சியத்தோடு சேர்ந்து படியும். கபில நிறத்தில், நசுக்கினால் உதிரும் கல். குழாய் வளைந்திருந்தாலும், எங்காவது சுருங்கியிருந்தாலும், அது குடலில் திறக்கும் இடத்துக்கு அருகே குடல் பைபோலப் புடைத்திருந்தாலும் இதே தேக்கம்தான். முன்பு பல கற்கள் இருந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வாய்ப்புக் கூடுதல். கமரா விட்டுக் கல்லை எடுக்கும்போது குழாயின் வாய்த்தசையை வெட்டுவார்கள். அது தேவையான வேலை, ஆனால் கிருமி ஏறவும் வழி கிடைக்கிறது.

பிளேன்டீக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அம்மா குடிக்கட்டும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, எப்போது ஓட வேண்டும் என்பது. ஒரு லயத்து ஐயா, இதே மாதிரி ஒபரேஷன் செய்தவர், உடம்பு தூக்கிப் போட நடுங்கியபோது மழைக்காலக் குளிர் என்று கம்பளி போர்த்திப் படுத்துவிட்டார். கண் மஞ்சளானதும் வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் நினைவு தப்பித்தான் கொண்டுவந்தார்கள். பிழைத்தார், ஆனால் மயிரிழையில்.

கல் அடைத்த குழாயில் கிருமி பிடித்தால் வருவது இவைதான்: நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணில் மஞ்சள், வலது விலாவின் கீழ் வலி. மூன்றும் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அம்மாவுக்கு இரண்டு இருந்தாலே அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டயக்னோசிஸ் கார்ட்டையும் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். குழாய் எத்தனை மில்லிமீட்டர் என்று ரிப்போர்ட்டில் இருக்கும், டொக்டரிடம் அதைக் காட்டிக் கேளுங்கள்.