மூலை முளைத்த கிடாக்கொம்பு

நேயர்களுக்கு வணக்கம். கஜகஸ்தான் கொடியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வானநீலம், நடுவில் சூரியன், கீழே ஒரு கழுகு. கம்பத்தை ஒட்டிப் பொன்னிறத்தில் ஒரு பட்டையும் ஓடும். 1992-இல் கொடி வந்தபோதே அதுவும் வந்தது. அதில் உள்ள கோலத்தின் பெயர் 'கோஷ்கார் முயிஸ்'. கிடாக்கொம்பு என்று அர்த்தம்.

அந்தக் கொம்பின் பின்னால்தான் இத்தனை வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை கஜகஸ்தானின் தெற்கே ஒரு வீட்டில், சுவரில் 'தக்கிர் கிலெம்' என்ற கம்பளம் தொங்கியது. தக்கிர் என்றால் மொட்டை. ரோமம் எழும்பாமல், நம் ஜமக்காளம் போலத் தட்டையாக நெய்தது. நெய்த பாட்டியை 'அஜே' என்று கூப்பிட வேண்டும். "இதற்கு என்ன பொருள், அஜே?" என்றேன். "கொம்பு" என்றார். "சரி, கொம்புக்கு என்ன பொருள்?" பாட்டி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சன்னலுக்கு வெளியே ஆட்டுப்பட்டியைக் காட்டினார். மொழிபெயர்த்த பேரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மந்தை பெருக வேண்டும் என்ற ஆசை அந்தக் கொம்பில் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. என் சந்தேகம் வேறு. அதே வீட்டில் தரையில் 'சிர்மக்' விரித்திருந்தது. கம்பளியை நெய்யாமல், நனைத்து அமுக்கித் தகடாக்கி, வெட்டித் தைத்த விரிப்பு. அதில் கொம்பு வழவழவென்று சுருண்டிருந்தது. சுவரிலோ படிப்படியாக, மூலை மூலையாக ஏறியது. ஒரே கொம்புக்கு ஏன் இரண்டு வடிவம்?

கம்பளித் தகட்டைக் கத்தி வேண்டியபடி வளைத்து வெட்டும், தறியில் நூல் அப்படி வளையாது. கட்டம் போட்ட கணக்கு நோட்டில், கட்டங்களை மட்டும் நிரப்பி ஒரு வட்டம் வரைந்து பாருங்கள், புரியும். இன்னொன்று: இரண்டு நிற ஊடைகள், அதாவது குறுக்கு நூல்கள், பக்கத்துப் பக்கத்துப் பாவு நூல்களில் (நெடுக்கு நூல்களில்) வரிக்கு வரி அதே இடத்தில் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தால், அந்த இரண்டுக்கும் நடுவில் கிழிசல் மாதிரி சந்து விழும். அதனால் சில வரிக்கு ஒருமுறை எல்லையை ஒரு நூல் தள்ளுகிறார்கள். படிக்கட்டு அங்கே பிறக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: பொருளைத் தேடும் முன் தறியைப் பாருங்கள்.

ஒட்டகப் பாதம், பறவைச் சிறகு, தாயத்து முக்கோணம் என்று மற்ற கோலங்களையும் பேச வந்தேன். நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். 'அலாஷா' என்ற விரிப்பை மட்டும் சொல்லிவிடுகிறேன். தறி குறுகல், ஆகவே நீளப் பட்டைகளாக நெய்து பக்கவாட்டில் சேர்த்துத் தைப்பார்கள். தைத்த இடத்தில் கோலம் சில சமயம் ஒரு விரல் ஏறி இறங்கி நிற்கும். அதைக் குறை என்று கடைக்காரர் விலையைக் குறைத்ததில்தான் என்னிடம் இரண்டு அலாஷா இருக்கிறது. வணக்கம்.