மொய் நோட்டைப் படித்தால்

நேயர்களுக்கு வணக்கம். சமூக ஆய்வு என்றாலே வயது, படிப்பு, எத்தனை ஏக்கர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவதுதான் பலருக்கு நினைவு வரும். அதில் ஆட்கள் தனித்தனியாகத் தெரிவார்கள். யாருக்கு யார் என்பது தெரியாது. அதைத் தேடுவதுதான் வலைப்பின்னல் ஆய்வு.

உசிலம்பட்டிப் பக்கம் ஏதாவது காதுகுத்துக்குப் போயிருப்பீர்கள். பந்தலில் மேசை போட்டு மொய் எழுதுவார்கள். இப்போது கணினியில் தட்டி ரசீதே கொடுக்கிறார்கள், அது வேறு விஷயம். ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை. என்னைக் கேட்டால் அதைவிட நல்ல ஆய்வுப் பதிவேடு கிடையாது. யார் யாருக்குச் செய்தார், எவ்வளவு செய்தார், திரும்ப வந்ததா, எல்லாம் அதிலேயே இருக்கிறது. பொய் சொன்னால் அடுத்த விசேஷத்தில் சாயம் வெளுத்துவிடும்!

ஒரு நோட்டில் ஒரு வீடுதான் தெரியும். ஒரே ஊரின் பத்து நோட்டைச் சேர்த்துப் படியுங்கள். எல்லாவற்றிலும் வருகிற பெயர் எது, ஒருவருக்கொருவர் மொய் எழுதாத இரண்டு தெரு எது, அந்த இரண்டு பக்கமும் எழுதியிருக்கும் ஒரே கொத்தனார் யார், எல்லாம் தெரிந்துவிடும். அந்தக் கொத்தனாரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்ன்ஸ் என்ற மானிடவியலாளர் நார்வேயின் பிரெம்னஸ் என்ற மீனவர் ஊர்ப்பகுதியைப் பற்றி 1954இல் எழுதினார். அங்கே நிர்வாக எல்லை உண்டு, படகுத் தொழில் உண்டு. இரண்டிலும் அடங்காமல் சொந்தம், சிநேகம், பழக்கம் என்று மூன்றாவதாக ஒன்று ஓடுகிறது, அதற்கு எல்லையும் இல்லை, தலைவரும் இல்லை என்றார். நம் மொய்யும் அப்படித்தானே, ஊராட்சி எல்லையில் நிற்கிறதா என்ன?

சரி, கொத்தனார். கிரானோவெட்டர் என்ற அமெரிக்கர் 1973இல் எழுதிய கட்டுரை இது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை விசாரித்தால், பெரும்பாலோர் அந்தத் தெரிந்தவரை எப்போதாவதுதான் பார்ப்பார்களாம். நெருங்கிய சொந்தத்துக்குத் தெரிந்த சேதி நமக்கும் தெரிந்திருக்கும், அதுதான் காரணம். ஐயாயிரம் எழுதும் தாய்மாமன் ஆபத்துக்கு ஓடி வருவார். திருப்பூரில் ஆள் எடுக்கும் சேதியோ நூற்றொரு ரூபாய் எழுதிய கொத்தனாரிடமிருந்து வரும். எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. சீனாவின் தியான்ஜினில் நெருங்கியவர்களே வேலை வாங்கித் தந்ததாக 1997இல் ஓர் ஆய்வு வந்தது.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பெண்களைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்திருந்தேன். நோட்டில் பெரும்பாலும் ஆண் பெயர்தான் ஏறுகிறது. அவசரத்துக்கு நகை யாரிடம் இரவல் வாங்குவீர்கள், பிள்ளையை யாரிடம் விட்டுப்போவீர்கள் என்று அவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். அப்போது வேறொரு வலை தெரியும். வணக்கம்.