காண்டாமிருகம் எந்தக் கைக்கு?

வணக்கம் உறவுகளே. இப்ப நான் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில, போர் நினைவுத் தூணுக்குப் பக்கத்தில நிக்கிறன். முந்தி இது காலி முகத்திடலில நிண்டது. ரெண்டாம் உலகப் போர் நேரம், கடலில நிண்டு சுடுற யப்பான் கப்பலுக்குக் குறி பார்க்க வசதியாப் போயிடும் எண்டு பயந்து இங்க கொண்டுவந்து நட்டவை.

சரி, இதைப் பாருங்கோ. கமராவுக்குக் கிட்டக் கொண்டு வாறன். அம்மப்பா கொம்பனித்தெருவில தையல்கடை வச்சிருந்தவர். அவரின்ர சிங்கர் மெஷின் லாச்சிக்குள்ள கிடந்த, ஆமிக்காரர் சட்டைத் தோளில தைக்கிற துணிச் சின்னம். சாயம் வெளுத்துப் போச்சு, ஆனா தலை தெரியுது. காண்டாமிருகம். பிரிட்டிஷ்காரரின்ர 11ஆவது கிழக்காபிரிக்க டிவிஷனின்ர அடையாளம். 1943இல இலங்கைக்கு வந்து, 44இல பர்மாவுக்குப் போன படை.

மூஞ்சி உங்களுக்கு இடப்பக்கம் பார்க்குதெல்லோ? அப்ப இது இடது கைக்குரியது. மிருகச் சின்னங்களைச் சோடியாச் செய்யிறவை, ரெண்டு தோளிலயும் முன்னுக்குப் பார்க்கிற மாதிரி. மாறித் தைச்சா மிருகம் பின்னுக்கு ஓடுது எண்டு அர்த்தமாயிடும். அம்மப்பா இதைச் சொல்லேக்க குரலே மாறும். "பிள்ளை, ஒரு ஆளைக் கோழையாக்க ஒரு ஊசி காணும்" எண்டுவார்.

எங்கட ஆக்களுக்கு இந்தப் பாஷை புதுசில்லை. ராசேந்திர சோழனின்ர செப்பேட்டு முத்திரையில புலியோட பாண்டியரின்ர கயலும் சேரரின்ர வில்லும் நிக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்கும் ஆர் ஆரை வெண்டது எண்டு விளங்கும். யாழ்ப்பாண அரசரின்ர காசில நந்தி, பிறை, கீழ 'சேது' எண்ட எழுத்து.

ஆனா எனக்கு ஆகப் பிடிச்சது பிரிட்டிஷ் 14ஆவது ஆமியின்ர சின்னம். பர்மாவில காண்டாமிருகப் படை சண்டை பிடிச்சது அதுக்குக் கீழதான். கேடயத்தில ஒரு வாள், முனை கீழ பார்க்குது. சின்னம் வரையிற மரபில வாள் மேல பார்க்கவேணும். தளபதி ஸ்லிம் தெரிஞ்சுதான் கவிழ்த்தவர்: பர்மாவை வடக்கால இறங்கி மீட்கவேணும், வரைபடத்தில அது கீழ்நோக்கி. கைப்பிடி எஸ் எழுத்து மாதிரி வளையும், அது அவரின்ர பேர்.

81ஆவது மேற்காபிரிக்க டிவிஷனுக்குச் சிலந்தி. அவையின்ர கதைகளில வாற தந்திரக்காரன் அனான்சி. அதையும் தலைகீழாத்தான் தைச்சவை. ஏன்? இப்பிடி என்ர கையைப் பாருங்கோ, துவக்கைத் தூக்கி நீட்டுறன். தலைகீழா இருந்த சிலந்தி இப்ப எதிரியைப் பார்த்து ஓடுது! கடதாசியில பார்த்தா இது பிடிபடாது, கை அசையவேணும்.

திரும்ப இந்தச் சின்னத்துக்கு வாறன். ஓரத்தைப் பாருங்கோ, சின்னச் சின்ன ஊசி ஓட்டைகள். ஒருக்கா ஆரின்ரயோ தோளில இருந்து பிறகு பிரிச்செடுத்தது. சோடி இல்லை.

1944 பெப்ரவரி 12, கெதிவ் இஸ்மாயில் எண்ட கப்பல் மொம்பாசாவில இருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்தது. நிறையக் கிழக்காபிரிக்கப் பீரங்கிப் படை ஆக்கள், தாதிமாரும் இருந்தவை. மாலைதீவுப் பக்கம் யப்பான் நீர்மூழ்கி அடிச்சு 1,297 பேர் செத்துப்போச்சினம். எனக்கு அதை நினைச்சாத் தொண்டை அடைக்குது. இங்க வந்து இறங்கியிருந்தா, அவையின்ர சட்டையையும் கொம்பனித்தெருவில ஆரோ ஒரு தையல்காரர் மேசையில விரிச்சு, காண்டாமிருகம் முன்னுக்குப் பார்க்குதோ எண்டு ரெண்டு தரம் பார்த்திருப்பார்.

மழை இருட்டுது. சின்னம் நனையக்கூடாது, நான் வெளிக்கிடுறன்.