ரசீது இல்லாத பணத்துக்குத் தாலிக்கொடியா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரே உட்கார்ந்து என்னை முறைக்கிற அண்ணன்மார்களே, கோயில் திடலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற என் ஊர் ஜனங்களே, வணக்கம்.

ஆடி மாசம். ஜவுளிக்கடையில் தள்ளுபடி, பாத்திரக்கடையில் தள்ளுபடி, செருப்புக்கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். கல்லூரியில் மட்டும் தள்ளுபடி கிடையாது. படிப்பு விஷயத்தில் தள்ளுபடி ஆவது நம்ம கடன் மனு ஒன்றுதான், அதுவும் வங்கியில்!

அப்படி மனு தள்ளுபடி ஆன பிறகும், இருப்பதை விற்றாவது, அடகு வைத்தாவது பிள்ளையைச் செலவு பிடிக்கிற தனியார் கல்லூரியில் சேர்ப்பது பெற்றோரின் கடமையா, அகலக்காலா? இதுதான் தலைப்பு. கடமை என்று மூன்று பேர் முழங்கிவிட்டுப் போய்விட்டார்கள். எதிரணித் தலைவர் அண்ணன் மைக்கைப் பிடித்துக் கேட்டார்: "பெத்த பிள்ளையைவிட நகை பெருசா?" நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், தப்பில்லை, நன்றாகத்தான் பேசினார்.

ஆனால் ஐயா, அண்ணன் நகையை வசனத்தில் அடகு வைக்கிறார். நான் மேஜையில் வாங்கி வைக்கிறவள். பதினெட்டு வருஷமாக ஒரு கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருக்கிறேன். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு மாசத்தில் எங்கள் கவுண்டரில் கூட்டம் சேர ஆரம்பிக்கும். விதைப்புக்கு வருகிறவர்கள் தனி. இவர்கள் கூடவே ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். அந்தப் பிள்ளை எங்கள் முகத்தைப் பார்க்காது, சுவரில் ஒட்டியிருக்கிற வட்டி விகிதத்தைப் படித்துக்கொண்டே நிற்கும்.

ஒரு அம்மா வந்தார். ஏழு பவுன் தாலிக்கொடி. கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். கழுத்தில் ஏற்கெனவே புது மஞ்சள் கயிறு. வங்கியில் நாலு பேர் பார்க்கக் கழற்றக் கூடாது என்று வீட்டிலேயே மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். மதிப்பீட்டாளர் கொடியை உரைகல்லில் தேய்த்து, திராவகம் விட்டுப் பார்த்து, தராசில் போட்டார். முள் நிற்கிற வரைக்கும் அந்த அம்மா மூச்சு விடவில்லை. படிவத்தில் "கடன் வாங்கும் நோக்கம்" என்று ஒரு கட்டம் உண்டு. கேட்டேன். "இஞ்சினியரிங்கும்மா. பேங்குல லோன் முடியாதுன்னுட்டாங்க."

ஏன் முடியாது என்றார்கள்? மேனேஜ்மெண்ட் கோட்டா, கல்லூரி நிர்வாகமே நிரப்பிக்கொள்கிற இடம். கல்லூரி கொடுத்த சீட்டில் கல்விக் கட்டணம் 87,000 ரூபாய் என்று இருக்கிறது. கேட்ட தொகை அதைப்போல ஏழு மடங்கு. நடுவில் இருக்கிற பணத்துக்கு ரசீது? "அதுக்கெல்லாம் ரசீது தரமாட்டாங்களாம்மா."

ஐயா, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1992-லேயே தமிழ்நாட்டில் கல்லூரிகள் நன்கொடை வசூலிப்பதைத் தடை செய்து சட்டம் வந்துவிட்டது. சட்டப்படி அந்தப் பணமே கிடையாது. இல்லாத பணத்துக்கு வங்கி எப்படிக் கடன் கொடுக்கும்? வங்கிக்காரன் ஈரமில்லாதவன் என்று எதிரணித் தங்கச்சி திட்டினார். சில சமயம் அவன் ஈரமில்லாதவன்தான், அதற்கும் வருகிறேன். ஆனால் இந்த விஷயத்தில் அவன் சொன்ன "முடியாது", அந்த அம்மாவுக்கு வேறு யாரும் சொல்லாத உண்மை. வாங்குகிற பொருளுக்கும் கொடுக்கிற விலைக்கும் சம்பந்தமில்லை என்று அவன் ஒருத்தன்தான் சொல்லியிருக்கிறான்.

அதே கல்லூரியில், அரசு நடத்துகிற கலந்தாய்வு வழியாக வருகிற பிள்ளைக்கு என்ன கட்டணம்? 2017-இல் கட்டணக் குழு வைத்த கணக்கு: அரசு ஒதுக்கீட்டுக்கு 50,000, தரச் சான்று பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரிகள் நூற்றுக்கு 65 இடத்தைக் கலந்தாய்வுக்குக் கொடுக்கின்றன. ஒரே பெஞ்ச், ஒரே வாத்தியார், ஒரே சாம்பார். பக்கத்தில் இருக்கிறவன் முதல் பட்டதாரியாக இருந்தால் அவனுக்குச் சலுகை வேறு. நம்ம பையன் மட்டும் தாலிக்கொடியின் மேல் உட்கார்ந்து படிக்கிறான்.

"கலந்தாய்வில் நல்ல கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கலையே?" என்று கேட்பீர்கள். கிடைக்காது, எல்லாருக்கும் கிடைக்காது. மெக்கானிக்கல் கிடைக்கும், சிவில் கிடைக்கும், வேறு ஊரில் கிடைக்கும். அரசுக் கலைக் கல்லூரியில் கணிதம் கிடைக்கும். பாலிடெக்னிக் முடித்து நேராக இரண்டாம் வருஷத்தில் சேர வழி இருக்கிறது. இதெல்லாம் சொன்னால் வீட்டில் என்ன பதில்? "பக்கத்து வீட்டுப் பையன் அங்கேதான் சேர்ந்திருக்கான்." படிப்பைப் பற்றிய பேச்சு அந்த வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது ஐயா. அப்புறம் நடப்பது வேலி ஓரத்துப் போட்டி.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அண்ணன் இதை "முதலீடு" என்றார். சரி, முதலீட்டுக் கணக்கே போடுவோம். கல்விக் கடன் என்றால் படிக்கிற காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கிடையாது. வட்டி ஏறும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யாரும் வாசலில் வந்து நிற்கமாட்டான். அஞ்சு வருஷம் அந்தக் கடன் தூங்கும். நகைக்கடன் தூங்காது. கைமாற்று தூங்கவே தூங்காது. அந்த அம்மாவுக்கு நகைக்குக் கிடைத்தது போதவில்லை. மிச்சம் மூன்று லட்சத்தை மூணு வட்டிக்கு வாங்கினார்கள். மாசம் 9,000 ரூபாய். இரண்டு வருஷத்தில் வட்டி மட்டும் 2,16,000. அசல் அப்படியே உட்கார்ந்திருக்கும். கந்துவட்டியைத் தடை செய்தும் 2003-லேயே சட்டம் இருக்கிறது. இருந்தும் வட்டி கேட்டு வருகிற பைக் சத்தம் இந்தத் திடலில் பாதிப் பேருக்குத் தெரியும், யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

முதல் வருஷம் எப்படியும் கட்டிவிடலாம் ஐயா, அதில்தான் ஏமாந்து போகிறோம். நகை இருக்கிறது, சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுக்கலாம், மாமன் மச்சான் கொடுப்பார்கள். இரண்டாம் வருஷம் மாடு போகும். மூன்றாம் வருஷம்தான் முழி பிதுங்கும். சேர்க்கை அன்று காபி கொடுத்த அதே அலுவலகம், "ஃபீஸ் பாக்கி, ஹால் டிக்கெட் இல்லை" என்று சொல்லும். படிப்பையும் விட முடியாது, கட்டவும் முடியாது. அந்த அம்மா இரண்டு வருஷம் வட்டியைக் கட்டிக் கொடியை மறுபடி அடகு வைத்தார். மூன்றாம் வருஷம் வரவில்லை. ஏல நோட்டீஸை உறையில் போட்டு முகவரி எழுதியது நான்தான். என் கையெழுத்து.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? முடித்தான். வேலையும் கிடைத்தது. கைக்கு வருவது 22,000. நல்ல பையன், சம்பளத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்புகிறான். இப்போது வட்டிக்காரனுக்குக் கொடுப்பது அவன். கல்லூரி வாசல் பேனரில் ஒரு பிள்ளையின் போட்டோவும் பக்கத்தில் பெரிய லட்சக் கணக்கும் இருந்ததே என்றால், அந்தப் போட்டோ ஒரு பிள்ளையுடையது. நடுவில் இருக்கிற பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று பார்க்க வேண்டும். மத்திய அரசின் தரவரிசைக்குக் கல்லூரிகள் கொடுக்கிற விவரத்தில் அந்த இடைநிலைச் சம்பளம் இருக்கிறது, இணையத்திலேயே பார்க்கலாம். செல்போன் வாங்க நாலு கடை ஏறி விலை விசாரிக்கிறோமே!

வங்கிக்காரனுக்கு வருகிறேன் என்றேன். கலந்தாய்வில் முறையாக இடம் வாங்கி, கட்டணச் சீட்டும் கையில் வைத்துக்கொண்டு போகிற பிள்ளையையும் திருப்பி அனுப்புகிற மேனேஜர் உண்டு. "உங்க அப்பா சிபில் சரியில்லை" (பழைய கடனை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டுகிற மதிப்பெண்), "இது எங்க ஏரியா இல்லை", "அடுத்த வாரம் வா." அங்கே வட்டிக்கடைக்கு ஓடாதீர்கள், சண்டை போடுங்கள். கிளை மேனேஜர் தன்னிஷ்டத்துக்கு மறுக்க முடியாது. மேலதிகாரி சம்மதம் வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும், வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள், பாதி மேனேஜருக்குக் குரல் இறங்கிவிடும். கலெக்டர் ஆபீஸில் கல்விக் கடன் முகாம் போடுகிறார்கள், அங்கே மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கிற முன்னோடி வங்கி மேலாளர் உட்கார்ந்திருப்பார், அவர் முன்னால் போய் நில்லுங்கள். மாணவரின் சிபில் ஸ்கோர் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 2023-இல் கேரள உயர்நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

நம்ம ஊரில் ஏழரை என்றாலே சனிதான். படிப்பில் மட்டும் இரண்டு ஏழரை நமக்கு நல்லது செய்கிறது. ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் இல்லாமல் கல்விக் கடனுக்கு வழி இருக்கிறது. ஆறாவதிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு ஏழரை சதவீத ஒதுக்கீடு, 2021 முதல் இஞ்சினியரிங்குக்கும் உண்டு, ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டுகிறது. இந்த இரண்டு ஏழரையையும் விட்டுவிட்டுத்தான் மூணு வட்டியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

எதிரணித் தங்கச்சி கடைசியாக ஒன்று சொன்னார்: "நிலம் போனால் வாங்கிக்கலாம், வயசு போனால் வாங்க முடியுமா?" எனக்கும் உள்ளே ஒரு அசைவு அசைந்தது. வித்துப் படிக்க வைத்து ஜெயித்த அப்பாக்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தங்கச்சி, போன நிலத்தைத் திரும்ப வாங்கினவர் ஒருத்தரை எனக்குக் காட்டுங்கள். அப்பாவுக்கும் ஐம்பது வயசு ஆகிறதே, அந்த வயசை யார் வாங்கித் தருவது?

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். ஒரே நிமிஷம். மேடை ஏறுவதற்கு முன்னால், பந்தலுக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எதிரணித் தலைவர் அண்ணன் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்மா, உங்க பேங்குல இன்னைக்கு ஒரு கிராமுக்கு எவ்வளவு தர்றீங்க?" அண்ணன் மகளும் இந்த வருஷம் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். அங்கே சிரித்து மழுப்பிவிட்டேன், பதில் இங்கேதான் சொல்கிறேன். அண்ணே, திங்கட்கிழமை பத்து மணிக்கு வாங்க. அண்ணியோட நகை வீட்டுலயே இருக்கட்டும். பாப்பாவோட மார்க் ஷீட்டையும் கல்லூரி கொடுத்த கட்டணச் சீட்டையும் மட்டும் எடுத்துட்டு வாங்க.