சந்து விட்டுக் கட்டுங்க

நேயர்களுக்கு வணக்கம்.

பீளமேடு, சரவணம்பட்டி, பெருந்துறை, திருச்செங்கோடு, குமாரபாளையம். கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்து இந்த ஊர்களில் சைட் வாங்கி வீடு கட்டுகிறவர் மனசில் ஒரு கணக்கு ஓடும். கீழே நாம குடியிருக்கலாம், மேலே காலேஜ் பசங்களுக்கு ரூம் விடலாம். அதில் தப்பே இல்லைங்க. ஆனால் அனுமதி கேட்கும்போது குடும்பத்துக்கு ஒரு வீடு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அஸ்திவாரம் போட்டதும் பத்து ரூமாகக் கட்டுகிறோம் பாருங்கள், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் சுயசான்று முறையில் வீட்டு அனுமதி கிடைக்கிறது. தொடங்கியபோது வைத்த வரம்பு இது: சைட் 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும், உயரம் 7 மீட்டருக்குள். பத்திரம், பட்டா, பிளான் எல்லாவற்றையும் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்றிக் கட்டணம் கட்டினால் அனுமதி வந்துவிடும். வேகமாகக் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் கொடுத்த விவரம் சரி என்று சான்று சொல்வது நீங்கள். தப்பு இருந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களேதான். இன்னொன்று, இது குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும். விடுதி நடத்தப் போகிறீர்கள் என்றால் விடுதி என்றே சொல்லித்தான் அனுமதி கேட்க வேண்டும்.

சரி, ஒரு சைட்டை எடுத்துக்கொள்வோம். நம்ம பக்கம் அதிகம் விற்கிற அளவு, முப்பதுக்கு நாற்பது. 1,200 சதுர அடி, ரெண்டே முக்கால் சென்ட். தளப்பரப்புக் குறியீடு, அதாவது சைட் அளவைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற கணக்கு, 2 என்பதால், எல்லா மாடியும் சேர்த்து 2,400 சதுர அடி வரை கட்டலாம். இதைக் கேட்டதும், கீழே 1,200, மேலே 1,200, சரியாகப் போச்சு என்று நினைக்கிறவர்கள் நிறைய. அப்படி இல்லை. முன்னாலும் பக்கத்திலும் காலி இடம் விட்டது போக மீதியில்தான் கட்டடம். எவ்வளவு விடுவது என்பது ரோட்டு அகலம், சைட் அகலம், கட்டட உயரம் இந்த மூன்றையும் வைத்து மாறும். பிளான் போடுகிற இன்ஜினியரிடம் உங்கள் சைட்டுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் காலி இடத்தைத்தான் நாம சந்து என்கிறோம். பிளானில் ரெண்டு பக்கமும் ஒரு மீட்டர் காட்டியிருக்கிறது என்று வையுங்கள். ஒரு மீட்டர் என்றால் மூணேகால் அடிக்குக் கொஞ்சம் மேலே. நாற்பது அடி நீளத்துக்கு ரெண்டு பக்கமும் கூட்டினால் 262 சதுர அடி, அரை சென்டுக்கு மேல். சென்ட் விலையை நினைத்தால் மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் அந்த இடம் சும்மா கிடக்கிற இடம் இல்லைங்க. குழாய் உடைந்தால் பிளம்பர் நுழைய, பூச்சுவேலைக்குச் சாரம் கட்ட, ஜன்னல் திறக்க, மேலே தீப்பிடித்தால் ஏணி சாத்த அந்தச் சந்துதான் வேண்டும். பத்து ரூமில் ஆளுக்கொரு அடுப்பு வைத்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சந்து எப்படிக் காணாமல் போகிறது? முதல் காரணம் வாஸ்து. வடக்கிலும் கிழக்கிலும் அதிகம் விடு, தெற்கிலும் மேற்கிலும் குறைத்து விடு என்பார்கள். வடக்கே அதிகம் விடுவதை யாரும் தடுக்கவில்லை. தெற்கே விதி சொன்ன அளவைத் தின்றுவிட்டு வடக்கே கூட்டக் கூடாது, அவ்வளவுதான். அடுத்து மனையடி, அதாவது ரூம் அளவுக்கு நல்லது கெட்டது பார்க்கிற சாஸ்திரம். பிளான் பாஸானபிறகு, இந்த ரூம் பதினோரடி வரணும், அது பதினாறு வரணும் என்று மேஸ்திரியிடம் சொல்லி மாற்றுவார்கள். ரூம் அரையடி நகர்ந்தால் வெளிச்சுவரும் அரையடி நகரும். மனையடி பார்க்கிறவர்கள் அந்த அளவைப் பிளான் போடுவதற்கு முன்னாலேயே இன்ஜினியரிடம் சொல்லிவிட்டால் பிரச்சினையே இல்லை.

மூன்றாவது மூலைமட்டம். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். முப்பதுக்கு நாற்பது சைட்டில் எதிரெதிர் மூலைக்கு டேப் பிடித்தால் சரியாக ஐம்பது அடி வரணும். ரெண்டு மூலைவிட்டத்தையும் பிடியுங்கள். ஒன்று ஐம்பத்தொன்றும் இன்னொன்று நாற்பத்தொன்பதுமாக வந்தால் சைட் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த சைட்டில் நேர்க்கட்டடம் போட்டால் முன்னால் மூணேகால் அடி இருக்கிற சந்து, பின்னால் போகப்போக இரண்டடியாகும். அதனால் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிற அன்றைக்குச் சர்வேயரை வரவழைத்துப் புலப்படத்தை, அதாவது நிலத்தின் சர்வே வரைபடத்தை வைத்து எல்லைக்கல் பார்த்துவிடுங்கள். அளவு எல்லைக்கோட்டிலிருந்து பூச்சு முடிந்த சுவரின் வெளிமுகம் வரைக்கும். செங்கல் முகம் வரை இல்லை. காம்பவுண்டு எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது என்று நம்பி, அதிலிருந்து அளந்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

கடைசியாக, மாடிக்குத் தனி வழி. “ஏனுங்க, ஒரு படிக்கட்டுதானுங்க” என்பார்கள். பிளானில் இல்லாத படிக்கட்டு சந்தில் வந்து உட்காரும். அதன் கீழே ஒரு பாத்ரூம், மேலே தகரம். முடிந்தது, சந்து போச்சு.

இப்போது செப்டிக் டேங்கைப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைப்பது வழக்கம். ஐந்து பேர் குடும்பத்துக்கு 675 லிட்டர். அதே வீட்டில் பதினெட்டு பசங்க தங்கினால் 2,430 லிட்டர். ஐந்து பேருக்குக் கட்டிய தொட்டியில் இவ்வளவு தண்ணீர் வந்தால் கசடு கீழே படிய நேரம் கிடைக்காது. கசடோடு தண்ணீர் உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். நம்ம பூமியோ கொஞ்சம் தோண்டினாலே பாறை. குழி அடைத்தால் தண்ணீர் தெருவுக்கு வரும், இல்லாவிட்டால் பாறை வெடிப்பு வழியாகப் பக்கத்து வீட்டு போர்வெல்லுக்குப் போகும். போர்வெல் வண்டிக்குப் பேர்போன திருச்செங்கோட்டில் இருக்கிறவர்களுக்குப் பாறை வெடிப்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எத்தனை பேர் தங்கப் போகிறார்கள் என்பதை மறைக்காமல் சொல்லித் தொட்டி அளவை வாங்குங்கள். லாரி வந்து கசடு எடுக்கவும் வழி வேண்டும். பார்த்தீர்களா, மறுபடி சந்துக்கே வந்துவிட்டோம்.

மழைநீர்ச் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம். 900 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 800 லிட்டருக்கு மேல். அதை உறிஞ்சுகுழிக்குப் பக்கத்தில் விடாதீர்கள், எதிர்ப்பக்கம் விடுங்கள்.

நேரம் குறைவு என்று கை காட்டுகிறார்கள். மூன்று விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் விடுதி நடத்துகிறவர்கள் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். கட்டட அனுமதி வேறு, இந்த உரிமம் வேறு. ரெண்டாவது, பஞ்சாயத்து அப்ரூவல் சைட் என்று விற்றால் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். லேஅவுட்டுக்கு நகர் ஊரமைப்புத் துறை அனுமதி எண் இருக்கிறதா, பழைய மனை என்றால் வரன்முறை ஆணை, அதாவது அனுமதியில்லாத மனையை முறைப்படுத்திக் கொடுத்த ஆணை இருக்கிறதா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20 என்ற தேதியை நினைவில் வையுங்கள். அதற்குள் பதிவான மனைக்குத்தான் வரன்முறைத் திட்டம் வந்தது. மூன்றாவது, கோவை தொண்டாமுத்தூர் பக்கம் மலையடிவாரக் கிராமங்களில் சைட் பார்க்கிறவர்கள், அந்தக் கிராமம் மலைப்பகுதியைக் காக்க அரசு வைத்திருக்கிற மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். இருந்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

நன்றி, வணக்கம்.